ஈரலால் தீராத மாலைக்கண்

உச்சிவெயிலில் திருநீர்மலைப் படிகளை ஏறி ரங்கநாதர் சந்நிதிக்குள் நுழைகிறவருக்கு எடுத்த எடுப்பில் பெருமாள் தெரிவதில்லை. விளக்குச் சுடர் தெரியும்; அதைச் சுற்றி ஒரே கறுப்பு. பட்டர் தீபத்தைத் தூக்கிக் காட்டும்போது திருமுகம் ஒரு கணம் மின்னி மறையும். ஓரமாக ஒதுங்கி இரண்டு மூன்று நிமிடம் நின்றால் சயனக் கோலத்தின் விளிம்பு மெல்லப் பிடிபடும். கூட்டமில்லாத நாளில் அரை மணி நேரம் நிற்க விட்டார்களென்றால் சுவர்க் கல்லின் இணைப்புகள்கூடத் தெரிய ஆரம்பித்துவிடும். இதற்குள் யாரும் விளக்கில் எண்ணெய் ஊற்றவில்லை, திரியைத் தூண்டவும் இல்லை. மலையைச் சூழ்ந்த நீர் வடியட்டும் என்று திருமங்கையாழ்வார் இங்கே ஆறு மாதம் காத்திருந்ததாகத் தலவரலாறு சொல்கிறது. கண்ணுக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம். முப்பது, நாற்பது நிமிடம் போதும்.

அந்த முப்பது, நாற்பது நிமிடத்தில் கண்ணுக்குள் நடப்பதை அறிய அறிவியலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றில் சென்னைக்கும் குன்னூருக்கும் மதுரைக்கும் இடம் உண்டு. அதை இப்போது திரும்பிப் பார்க்க ஒரு காரணமும் உண்டு. மாலை மங்கியதும் பார்வை மங்கிப்போகிற மாலைக்கண்ணுக்கு இரண்டு வேர்கள். ஒன்று சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. அதை இந்த மாநிலம் பெரும்பாலும் பிடுங்கி எறிந்துவிட்டது. இன்னொன்று குடும்பத்தின் மரபணுவில் இருக்கிறது. அதைப் பற்றி நம் வீடுகளில் இன்னும் வாய்விட்டுப் பேசுவதுகூட இல்லை.

1876இல் ஃபிரான்ஸ் போல் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் ரோம் நகரில் தவளையின் விழித்திரையைப் பிரித்தெடுத்தார். செக்கச் சிவந்திருந்த அந்தச் சவ்வு, வெளிச்சத்தில் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. உயிருள்ள தவளையை இருட்டில் வைத்தால் அந்தச் செம்மை திரும்பி வந்தது. போல் முப்பது வயதிலேயே இறந்துவிட்டார்; அவர் உயிரோடிருந்தபோதே ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் வில்லி கூனே அந்த வேலையைக் கையில் எடுத்திருந்தார். நிறப்பொருளைப் பித்த உப்பில் கரைத்துப் பிரித்தெடுத்தவர் அவர்தான். இன்று நாம் ரொடாப்சின் என்று சொல்வது அதையே. முயலை ஜன்னல் பக்கம் பார்க்கவைத்து, பிறகு அதன் விழித்திரையில் ஜன்னல் கம்பிகளின் சுவடு பதிந்திருப்பதையும் காட்டினார். செத்தவர் கண்ணில் கொலையாளியின் முகம் பதிந்திருக்கும் என்று துப்பறியும் கதைக்காரர்கள் பல காலம் பிழைப்பு நடத்தியதற்கு இந்தச் சோதனையும் துணைபோயிற்று. அவர் கண்டவற்றில் நமக்கு முக்கியமானது வேறொன்று. விழித்திரையை அதன் பின்னால் ஒட்டியிருக்கும் கருநிற அடுக்கிலிருந்து உரித்தெடுத்துவிட்டால் வெளுத்த நிறம் திரும்புவதில்லை. மறுபடி அதன்மேல் படியவைத்தால் திரும்புகிறது. அதாவது, நிறத்தைப் புதுப்பிக்கும் பட்டறை விழித்திரையில் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது.

அந்தப் பட்டறையின் மூலப்பொருள் எது என்பது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தெரியாமலே இருந்தது. 1933இல் ஜார்ஜ் வால்ட் என்ற இளம் அமெரிக்கர் பெர்லினில் ஆட்டோ வார்பர்க்கின் ஆய்வகத்தில் விழித்திரைகளை அலசியபோது அவற்றில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டார். அவர் யூதர். அதே ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட, வேலையோடு அமெரிக்கா திரும்பினார். பிறகு ரூத் ஹப்பர்டு உள்ளிட்ட சகாக்களுடன் இருபது, முப்பது ஆண்டுகள் ஒரே கேள்வியைத் துரத்தி, 1967இல் நோபல் பரிசு பெற்றார். ரொடாப்சின் என்பது ஒரு புரதமும் அதன் வயிற்றுக்குள் அமர்ந்த ரெட்டினல் என்ற சிறிய மூலக்கூறும் சேர்ந்த கூட்டு என்றும், அந்த ரெட்டினல் வைட்டமின் ஏ-யின் மறு உருவம் என்றும் அவர்கள் நிறுவினார்கள்.

இனி அந்தப் புரதத்தை நெருங்கிப் பார்க்கலாம். நம் விழித்திரையில் இருட்டுக்கென்றே 9 கோடிக்கு மேற்பட்ட குச்சி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குச்சியின் முனையிலும் ஆயிரம் அளவுக்குத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அந்தத் தட்டுகளின் சவ்வில் ரொடாப்சின் நெருக்கமாகப் பதிந்திருக்கிறது. ஒரு குச்சிக்குக் கோடிக்கணக்கில். 348 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி சவ்வை ஏழு முறை உள்ளும் வெளியுமாகத் துளைத்துச் சென்றால் அதுதான் ரொடாப்சின். அந்த ஏழு கால்களுக்கு நடுவிலுள்ள குழியில் ரெட்டினல் முதுகு வளைந்து உட்கார்ந்திருக்கிறது. ஓர் ஒளித்துகள் பட்டதும் அது நிமிர்கிறது. ஒரு விநாடியை லட்சம் கோடியாகப் பிரித்து, அதில் ஒன்றை மறுபடி ஐந்தாகப் பிரித்தால் வருகிற நேரத்தில் நிமிர்ந்துவிடுகிறது. பார்வையில் ஒளியின் பங்கு இவ்வளவுதான். இதற்குப் பிறகு நடப்பதெல்லாம் புரதங்கள் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்வது.

ரெட்டினல் நிமிர்ந்ததும் ரொடாப்சினின் உடல் நெகிழ்ந்து, சவ்வின் உட்புறத்தில் ஒரு பள்ளம் திறக்கிறது. அங்கே டிரான்ஸ்டியூசின் என்ற அடுத்த புரதம் வந்து ஒட்டுகிறது, தூண்டப்பட்டு விலகுகிறது. இடம் காலியானதும் அடுத்தது வருகிறது. ஒரு ரொடாப்சின் இப்படிப் பல டிரான்ஸ்டியூசின்களைக் கிளப்பிவிடும். தூண்டப்பட்ட டிரான்ஸ்டியூசின் போய்ப் பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதியின் கட்டை அவிழ்க்கிறது. அந்த நொதியோ செல்லுக்குள் மிதக்கும் சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற மூலக்கூறுகளை மளமளவென்று வெட்டித் தள்ளுகிறது. செல்லின் சுவரிலுள்ள அயனி வாயில்களைத் திறந்து வைத்திருப்பவை அந்த மூலக்கூறுகள்தாம். அவை குறைந்தால் வாயில்கள் சாத்திக்கொள்ளும். தெருக்கோடியில் ஒருவர் காதில் போட்ட சேதி பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடுவதுபோல, ஓர் ஒளித்துகளின் சேதி செல் முழுக்கப் பரவிவிடுகிறது. டிரான்ஸ்டியூசின் வழியாகச் சேதி இப்படிப் பெருகுவதை 1980களின் தொடக்கத்தில் லூபர்ட் ஸ்ட்ரையர் குழு விளக்கியது. வாயில்களைத் திறப்பது சைக்ளிக் ஜி.எம்.பி.யே என்பதை 1985இல் ரஷ்ய ஆய்வாளர் ஃபெசென்கோ காட்டினார். தேரையின் ஒற்றைக் குச்சி செல்லைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பிடித்து, ஒரே ஓர் ஒளித்துகளுக்கு அது காட்டும் பதிலை பேலர், லேம்ப், யாவ் மூவரும் 1979இலேயே அளந்துவிட்டிருந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குச்சி செல்லில் மின்னோட்டம் ஓடுவது இருட்டில். வெளிச்சம் பட்டால் அது அடங்குகிறது. நாம் வெளிச்சம் என்று உணர்வது, விழித்திரையைப் பொறுத்தவரை ஓர் ஓட்டம் நின்றுபோனது. சந்நிதியின் இருட்டில் அந்தச் செல்கள் சும்மா இருப்பதில்லை. வெயிலில் இருந்ததைவிட மும்முரமாகவே இருக்கின்றன.

கிளப்பிவிட்டதை அடக்கவும் ஆள் வேண்டும். ரொடாப்சின் கைனேஸ் என்ற நொதி, நிமிர்ந்த ரொடாப்சினின் வாலில் பாஸ்பேட் முடிச்சுகளைப் போட்டு அடையாளமிடுகிறது. அரெஸ்டின் என்ற புரதம் அந்த அடையாளத்தைப் பார்த்து வந்து மேலே உட்கார்ந்துகொள்கிறது. அத்தோடு அந்த ரொடாப்சினின் பேச்சு நிற்கிறது. நிமிர்ந்த ரெட்டினல் கழன்று பக்கத்துக் கருநிற அடுக்குக்குப் போய், அங்கே மறுபடி வளைக்கப்பட்டு, அதற்கென்றே இருக்கும் ஒரு சுமைதூக்கிப் புரதத்தின் காவலில் திரும்பும். வெயிலில் வெளுத்த ரொடாப்சின் இப்படி ஒவ்வொன்றாக மீளும்வரைதான் நாம் சந்நிதியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறோம்.

இந்தப் புரதக் குடும்பம் கண்ணோடு நிற்பதில்லை. இதயத்தில் அட்ரினலினுக்குச் செவி கொடுக்கும் புரதமும் சவ்வை ஏழு முறை துளைக்கும் ரொடாப்சினின் பங்காளிதான். அட்டெனலால், மெட்டோபுரோலால் என்று பி.பி.க்கு நம் வீட்டுப் பெரியவர்கள் விழுங்கும் மாத்திரைகள் அதன் வாயைத்தான் அடைக்கின்றன. இந்தக் குடும்பத்தை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸும் கோபில்காவும் 2012இல் நோபல் பெற்றார்கள். வயாகரா சாப்பிட்ட சிலருக்குக் கொஞ்ச நேரம் உலகம் நீலம் பாரித்துத் தெரிவதற்கும் காரணம் இதே சங்கிலி. அந்த மாத்திரை குறிவைக்கும் நொதிக்குக் கண்ணில் ஓர் ஒன்றுவிட்ட சகோதரன் உண்டு. அடி அவன்மேலும் கொஞ்சம் விழுகிறது.

இந்தச் சங்கிலியில் எதுவும் தெரியாத காலத்திலேயே மனிதர்கள் மாலைக்கண்ணுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுதான் வரலாற்றில் என்னை எப்போதும் மலைக்கவைப்பது. ஈரல். பண்டைய எகிப்தின் மருத்துவ ஏடு ஈரலைச் சொல்கிறது. கிரேக்க மருத்துவம் சொல்கிறது. சுசுருத சம்ஹிதையும் சொல்கிறது. உடல் தன் வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைப்பது ஈரலில். ஆட்டு ஈரலைச் சுட்டுத் தின்றவர் அறியாமலே அந்தச் சேமிப்பைத் தன் கணக்குக்கு மாற்றிக்கொண்டார். கறி வாங்க வழியில்லாத வீட்டுக்கும் சைவ வீட்டுக்கும் கீரை இருந்தது. முருங்கையும் பொன்னாங்கண்ணியும் கண்ணுக்கு நல்லது என்று பாட்டிகள் சொன்னதில் பிழையில்லை. கீரையிலுள்ள கரோட்டினை உடல் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும். ஆனால் ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ சேராவிட்டால் கரோட்டின் குடலைத் தாண்டி உள்ளே போகாது. எண்ணெய்க்கு வழியில்லாத ஏழை வீட்டில் கீரை இருந்தும் கண் போயிற்று. பாட்டி வைத்தியத்தைப் போற்றுபவர்கள் இந்த இடத்தை வசதியாகத் தாண்டிவிடுவார்கள்.

கண் போயிற்று என்பது மிகைச் சொல் இல்லை. வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் வருவது மாலைக்கண். ரொடாப்சினுக்கு மூலப்பொருள் இல்லாமல் குச்சி செல்கள் ஊமையாகிவிடுகின்றன. அப்போதும் கவனிக்காவிட்டால் வெள்ளை விழியில் நுரைபோன்ற பிட்டாட் புள்ளிகள் தோன்றும். பிறகு கருவிழி வறண்டு, இளகி, சில நாளில் உருகிவிடும். முதல் உலகப் போரின்போது டென்மார்க் தன் வெண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுத்தபோது, அந்தப் பிள்ளைகளுக்கு இதே கதி நேர்ந்ததை கார்ல் பிளாக் என்ற மருத்துவர் பதிவு செய்தார். சென்னையில் இதற்குப் போர் தேவைப்படவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி 1819இல் ராயப்பேட்டையில் தொடங்கி, 1880களில் எழும்பூருக்குக் குடிபெயர்ந்த கண் மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடி உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அதன் கண்காணிப்பாளராக இருந்த ஆர்.இ. ரைட், தென்னிந்தியாவில் கருவிழி உருகி வரும் குழந்தைகளைப் பற்றி 1922இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் விரிவாக எழுதினார். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை வால்ட் காண்பதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுரை அது. நோயின் வேர் பஞ்சைத் தட்டில் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. மருந்தாக மீன் எண்ணெயும் தெரிந்திருந்தது. மீன் எண்ணெய் எல்லோர் கைக்கும் எட்டாதபோது என்ன செய்வது என்பதே கேள்வி. ராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் உருவாக்கிய ஊட்டச்சத்து ஆய்வகத்துக்கு 1935இல் இயக்குநராக வந்த வாலஸ் அய்க்ராய்டுடன் சேர்ந்து ரைட் ஒரு மலிவான வழியைச் சோதித்தார்: சிவப்புப் பாமாயில். பனை இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பழத்திலிருந்து எடுக்கும் அந்த எண்ணெய் சிவந்திருப்பதே கரோட்டினால்தான். அதைக் கொடுத்துக் கருவிழி உருகல் நோயைக் குணப்படுத்தியதை 1937இல் இருவரும் வெளியிட்டார்கள்.

இன்று நம் ரேஷன் கடையில் லிட்டர் பாக்கெட்டாக வருவதும் பாமாயில்தான். ஆனால் சுத்திகரித்து, வெளுத்து, நாற்றம் போக்கி, அந்தச் சிவப்பை முழுக்க உறிஞ்சி எடுத்த பிறகு வருகிறது. எடுத்த சத்துக்கு ஈடாக ஆலையில் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்து, செறிவூட்டப்பட்டது என்று அச்சடித்துத் தருகிறார்கள். வணிகத்துக்கு அதுதான் வசதி. நானும் அந்த எண்ணெயில் பொரித்த அப்பளம் சாப்பிடுகிறவன்தான். இருந்தாலும் எழும்பூரில் குழந்தைகளுக்குச் சிவப்பு எண்ணெயைப் புகட்டிய அந்த மருத்துவர்கள் இந்தச் சுற்றுவழியைப் பார்த்தால் என்ன நினைப்பார்களோ!

விடுதலைக்குப் பிறகான வேலை வேகமாக நடந்தது. குன்னூர் ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. ஒன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் வைட்டமின் ஏ-யை ஒரே மடக்காகக் கொடுக்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியது. அங்கன்வாடியில் கரண்டியால் புகட்டும் அந்த மஞ்சள் எண்ணெயை இங்கே எத்தனையோ தாய்மார்களுக்குத் தெரியும். மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த லட்சுமி ரஹ்மத்துல்லா குழு 15,419 தமிழகக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு 1990இல் வெளிவந்து உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது. வாரந்தோறும் சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடம் இறப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது. அதே ஆண்டில் ஹைதராபாத் நிறுவனம் தன் ஆய்வில் அப்படி ஒரு பலன் தெரியவில்லை என்றது. அந்த வழக்கு நிபுணர்களிடையே இன்னும் முழுக்கத் தீரவில்லை. கண்ணைப் பொறுத்தவரை வழக்கே இல்லை. எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவும், அதில் பின்னர் சேர்ந்து 2010 முதல் வாரம் ஐந்து நாளும் வருகிற முட்டையும், தட்டம்மைத் தடுப்பூசியும், இந்தச் சொட்டு மருந்தும் கூடிச் செய்த வேலையால், ரைட் நாள்தோறும் பார்த்த கருவிழி உருகலை இன்றைய இளம் கண் மருத்துவர்கள் பெரும்பாலும் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்க்கிறார்கள். அரசுகளைக் குறை சொல்லவே பேனாவை எடுக்கும் நாம் இந்த ஒரு விஷயத்தில் மனதாரப் பாராட்டிவிடலாம்.

ஆக, தட்டில் இருந்த வேர் போயிற்று. மற்றதற்கு வருவோம்.

மரபணு மொழியைப் படித்துக்காட்டியதற்காக 1968இல் நோபல் பெற்ற ஹர் கோவிந்த் குரானா, பஞ்சாபின் ராய்ப்பூர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அந்தப் புகழோடு ஓய்ந்துவிடாமல், ஐம்பது வயதை ஒட்டி வேறொரு வேலைக்கு மாறினார். முதலில் பாக்டீரியாவின் ஒளிப் புரதம், பிறகு நம் ரொடாப்சின். மாட்டு ரொடாப்சினின் மரபணு முழுவதையும் அவர் ஆய்வகம் 1986இல் செயற்கையாகக் கட்டி எழுப்பியது. சங்கிலியில் எந்த அமினோ அமிலத்தை மாற்றினால் புரதத்துக்கு என்ன கேடு வரும் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க அதனால் வழி பிறந்தது. அந்தக் கேடு மனிதரிடம் நோயாக வருவதை 1990இல் அமெரிக்காவின் தாடியஸ் டிரைஜா குழு கண்டது. ரொடாப்சினின் 23ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. நம் மருத்துவமனைகளில் சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். சிறு வயதில் மாலைக்கண்ணாகத் தொடங்கும். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகி, நடுவயதில் அந்தக் குழாயும் அடைபடலாம். குச்சி செல்கள் ஊமையாவதோடு நிற்காமல் சாகின்றன. செத்த செல்லுக்கு ஈரலும் கீரையும் என்ன செய்யும்?

அடுத்த அத்தியாயத்தில் நம் மண்ணின் குடும்பங்கள் வருகின்றன. பிற்காலத்தில் சென்னை சங்கர நேத்ராலயாவில் கண் மரபியல் துறையை வழிநடத்திய கோவிந்தசாமி குமரமாணிக்கவேல், நியூசிலாந்தின் மைக்கேல் டென்டன் குழுவுடன் சேர்ந்து 1994இல் ஓர் இந்தியக் குடும்பத்தைப் பற்றி எழுதினார். அங்கே ரொடாப்சினின் 150ஆவது அமினோ அமிலம் மாறியிருந்தது. டிரைஜா கண்ட கோளாறு தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், நோய் வரும். இந்தக் கோளாறு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்த பிள்ளைக்கே நோய் வந்திருந்தது. 1997இல் இன்னொரு இந்தியக் குடும்பம். பெற்றோர் நெருங்கிய உறவு. அங்கே பழுதானது, வளைந்த ரெட்டினலைக் காவலோடு சுமக்கும் அந்தச் சுமைதூக்கிப் புரதம். 1998இல் ஓர் இந்திய உடன்பிறப்பு ஜோடிக்கு அரெஸ்டின் மரபணு பாதியில் அறுந்திருந்தது. ஜப்பானின் ஓகுச்சி 1907இல் முதலில் விவரித்த, பார்வையை முற்றாகப் பறிக்காத ஒருவகை மாலைக்கண் அது. கிளம்பிய ரொடாப்சினை அடக்க ஆளில்லாததால் அவர்களின் குச்சி செல்கள் ஒரு வெளிச்சத்திலிருந்து மீளவே மணிக்கணக்காகும். திருநீர்மலைச் சந்நிதியில் அவர்கள் நடை சாத்தும்வரை நிற்க வேண்டியிருக்கும். ரொடாப்சின், சுமைதூக்கி, அரெஸ்டின்: நான்கு ஆண்டுகளுக்குள் சங்கிலியின் மூன்று கண்ணிகள் இந்தியக் குடும்பங்களில் அறுந்து கிடப்பது தெரிந்தது. இன்றைக்கு ஆர்.பி.யோடு தொடர்புடையவை என்று 80க்கு மேற்பட்ட மரபணுக்களைச் சொல்கிறார்கள்.

இந்தக் குடும்பங்கள் இங்கே கிடைத்தது தற்செயல் என்று விட்டுவிட முடியாது. உலக அளவில் ஆர்.பி. சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு என்பது பாடப்புத்தகக் கணக்கு. 40 வயதைக் கடந்த தென்னிந்தியர்களிடம் சென்னை ஆய்வாளர்கள் எடுத்து 2008இல் வெளியிட்ட கணக்கில் நகரத்தில் 930 பேரில் ஒருவருக்கும், கிராமத்தில் 372 பேரில் ஒருவருக்கும் இருந்தது. மாமன் மகளை, அத்தை மகனை, அக்காள் மகளைக் கட்டுவது நமக்குப் பழைய வழக்கம். நாட்டில் உறவுத் திருமணம் அதிகமுள்ள மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது. கணக்கு எளிமையானது. மாமன் மகளைக் கட்டினால், பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாகப் பதினாறில் ஒரு பங்கு, ஒரே முன்னோரின் ஒரே நகல் இரு பக்கமும் வந்து சேர்ந்ததாக இருக்கும். அக்காள் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. முன்னோரிடம் ஒளிந்திருந்த ஒரு பழுது அந்தப் பங்கில் விழுந்தால் குழந்தைக்கு மாற்று நகல் இல்லை. சொந்தத்தில் கட்டிய பெரும்பாலோரின் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். அதனாலேயே அந்தச் சிலரின் கஷ்டம் விதி என்று போய்விடுகிறது. பழி வழக்கம்போல் தாயின் தலையில் விழுகிறது. சூரிய கிரகணத்தில் வெளியே வந்தாள், கர்ப்பத்தில் அதைத் தின்றாள், இதைத் தின்றாள் என்று. நோய்க்கு இரண்டு பக்கமும் சம பங்கு வேண்டும் என்பதை எந்தச் சொந்தக்காரர் வாய் சொல்கிறது?

தாம்பரம் வட்டாரத்துக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. திருநீர்மலை 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. பல்லாவரம், குரோம்பேட்டை, ஜி.எஸ்.டி. சாலை, புறவழிச் சாலை என எங்கு திரும்பினாலும் எல்.இ.டி. வெளிச்சம், மேலே விமான நிலையத்தின் வானம் இரவிலும் வெளுத்திருக்கிறது. இருட்டே இல்லாத ஊரில் குச்சி செல்கள் இல்லாமலேயே காலம் தள்ளலாம். வெளிச்சத்தில் பார்ப்பதற்கென்று இருக்கும் கூம்பு செல்கள் சமாளித்துக்கொள்ளும். ஏரிக்கரையிலும் வரப்பிலும் நடந்த தலைமுறையில், அந்தி சாய்ந்ததும் தட்டுத் தடுமாறும் பிள்ளையை ஊரே கவனித்துவிடும். இன்று அந்தப் பிள்ளை டியூஷன் முடிந்து தெருவிளக்கின் கீழே சைக்கிளில் வந்துவிடுகிறது. கரண்ட் போன இரவில் சுவரைப் பிடித்து நடக்கும்போதோ, படம் தொடங்கிய பிறகு தியேட்டருக்குள் நுழைந்து சீட்டைத் தேடித் தவிக்கும்போதோதான் வெளியே தெரிகிறது. அப்போதும் ‘கவனம் போதாது’ என்று ஒரு குட்டு விழும். பக்கப் பார்வை கணிசமாகப் போன பிறகு, பைக் ஓட்டும் வயதில் ஒரு விபத்துக்குப் பின்னர்தான் சிலருக்கு உண்மை தெரிகிறது.

தெரிந்து என்ன பயன், மருந்துதான் இல்லையே என்ற வாதம் இப்போது பழசு. கருநிற அடுக்கில் ரெட்டினலை மீண்டும் வளைக்கும் ஆர்.பி.இ.65 என்ற புரதம் பழுதானவர்களுக்கு, அதன் நல்ல மரபணுவை விழித்திரைக்கு அடியில் ஊசியால் செலுத்தும் சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. சந்தைக்கு வந்தபோது இரண்டு கண்ணுக்கு அதன் விலை 8.5 லட்சம் டாலர். நம் கையில் அடங்காதது. மற்ற மரபணுக்களுக்கும் சோதனைகள் நடக்கின்றன. விலை என்றாவது இறங்கும். இறங்கும்போது, தன் பிள்ளைக்கு எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கும் குடும்பத்துக்கே அது உதவும். தெரிந்தால் இப்போதே செய்யக்கூடியவையும் உண்டு. படிப்பையும் தொழிலையும் பார்வைக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம், ஊனச் சான்றிதழுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்கலாம், அடுத்த திருமணப் பேச்சில் ஜாதகத்தோடு இதையும் எடுத்து வைக்கலாம்.

ஒரு நூற்றாண்டுக்கு முன் எழும்பூரும் குன்னூரும் சேர்ந்து ஒரு மாலைக்கண்ணின் காரணத்தைத் தேடின. ஒரு தலைமுறைக்குள் அதற்கான மருந்து அங்கன்வாடிக் கரண்டிவரை வந்து சேர்ந்தது. இன்னொரு மாலைக்கண்ணுக்கும் அரசு அதே பிடிவாதத்தைக் காட்ட வேண்டும். பள்ளிக் கண் பரிசோதனையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வதோடு, இருட்டில் தடுமாறுகிறாயா என்ற ஒரு கேள்வியும் கேட்கப்பட வேண்டும். மரபணுப் பரிசோதனையும் மரபணு ஆலோசனையும் அரசு கண் மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதற்குத் தனிக் கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை, 1819இலேயே தொடங்கிவிட்டோம்.

வீட்டில் ஒரு பிள்ளை மாலையில் தடுமாறினால் கீரையும் முட்டையும் கொடுங்கள்; கெடுதல் ஒன்றுமில்லை. வைட்டமின் ஏ மாத்திரையை மட்டும் நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் அது ஈரலையே கெடுக்கும். கர்ப்பிணிகளுக்குக் கருவைப் பாதிக்கும். நாள் கடத்தாமல் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், விழித்திரையைப் பார்க்கவும், அதன் மின் பதிலை அளக்கும் இ.ஆர்.ஜி. பரிசோதனையைச் செய்யவும் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும், கல்யாணம் சொந்தத்திலா என்ற விவரத்தை நீங்களே சொல்லிவிடுங்கள்.